மான் திரும்பிப் பார்த்தது

மூன்று நிமிடம் பேசினால் போதும் என்றார்கள். அந்த மூன்று நிமிடத்துக்கு என்ன பேச வேண்டும் என்பதையும் அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விளம்பர நிறுவனத்துப் பெண் பெரிய எழுத்தில் அச்சடித்து, மூச்சு விட வேண்டிய இடங்களில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அதன் முனை நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது. எடுத்து வேறு பையில் வைக்கலாம், வைக்கவில்லை. வண்ணார்பேட்டையில் இப்படி ஒரு ஹோட்டல் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. ஊருக்கு வந்து எத்தனை வருடம். காலை ரயிலில் இறங்கி, ஆட்டோவில் வந்து, குளித்து, இந்தக் கூடத்தின் முதல் வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியில் உட்கார்ந்தாகிவிட்டது. மணி பதினொன்று. ஏசி குளிர் முழங்காலைப் பிடிக்கிறது, அந்தப் பழைய முழங்காலை. மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு என் மான் தொங்குகிறது. பொருநை வெளிமான்கள். தொழில்முறை ஹாக்கி லீக்கில் இந்த வருடம் புதிதாகச் சேரும் அணி, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. முறுக்கிய கொம்பு, கறுத்த முதுகு, வெளுத்த வயிறு, பாய்கிற கால்கள். தலை மட்டும் பின்னால் திரும்பியிருக்கிறது. பாய்கிற மான் எதற்குத் திரும்பிப் பார்க்கிறது என்று போன வாரம் முழுக்க ஜனங்கள் போனில் கேலி செய்திருக்கிறார்கள். பந்து எங்கே என்று தேடுகிறது, கடன்காரன் வருகிறானா என்று பார்க்கிறது, இப்படியெல்லாம். அதனால்தான் இன்றைக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். சின்னத்தின் பொருளை வரைந்தவரே விளக்குவார். பையில் இருக்கும் தாளில் இருக்கிறது பொருள். 'திரும்பிப் பார்க்கும் இந்த வெளிமான், தன் வேர்களை மறக்காத வேகத்தின் அடையாளம்.' கோடு. மூச்சு. நன்றாகத்தான் இருக்கிறது. நானே நம்பிவிடுவேன், பக்கத்து நாற்காலியில் சகாயராணி வந்து உட்காராமல் இருந்திருந்தால்.

அவளை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கண்ணாடி போட்டிருக்கிறாள், தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. நீலப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. நாற்காலியின் முனையில், எழுந்து போகச் சொல்லிவிடுவார்களோ என்கிற மாதிரி உட்கார்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வேலு தம்பிதானே?" என்றாள். அந்தக் குரல். குரலுக்கு நரைப்பதில்லை. மிக்கேலின் மனைவி. எழுந்து நின்றுவிட்டேன், எதற்கு என்று தெரியாமல். "மதினி" என்றேன். "உக்காருங்க, உக்காருங்க. பதினாலு வருசமாச்சே, சவுக்கியமா இருக்கியளா? கல்யாணம் ஆயிட்டா? ஒரு தகவலும் தெரியாது. நீங்கதான் இந்த மான வரைஞ்சியளாமே, அமலி சொன்னா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நம்ம வேலு தம்பியா, எங்க வீட்டுக்காரவுக கூட விளையாடுன பையனான்னு கேட்டேன். ஆமாம்மா, சித்திரைவேல்னு பேர் போட்டுருக்குன்னா." அமலி யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. மேடையின் ஓரத்தில் பெண்கள் அணி வரிசையாக நிற்கிறது, பதினெட்டுப் பேர், பழுப்பு ஜெர்ஸி, ஒவ்வொரு நெஞ்சிலும் என் மான். வரிசையின் கடைசியில் மற்றவர்களைவிட அரைத் தலை உயரமாக ஒருத்தி, தோளைச் சற்றுக் குறுக்கி நிற்கிறாள். மிக்கேல் அப்படித்தான் நிற்பான். கோலுக்கு நடுவே நிற்கும்போது மட்டும்தான் நிமிர்வான். "கோல்கீப்பரா மதினி?" "வேற என்ன. அவிய ரத்தம்லா." பத்தொன்பது வயது. அப்போது ஐந்து வயது. அப்பாவின் கோல்கீப்பர் பேடுகளைக் காலில் கட்டிக்கொண்டு நடக்க முடியாமல் விழுந்து விழுந்து சிரிக்கும். விழுந்து விழுந்து. அணியின் பெயர்ப் பட்டியலை எனக்கு யாரும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் வந்திருக்க மாட்டேன். காய்ச்சல் என்று சொல்லியிருப்பேன். பதினாலு வருடமாக இந்த ஊருக்கு வராமலிருக்க எத்தனை காய்ச்சல் சொல்லியிருக்கிறேன்.

மேடையில் தொகுப்பாளினி வரவேற்கிறாள். விளக்கு ஏற்றுகிறார்கள், திரி பிடிக்க மாட்டேன் என்கிறது. எனக்கு அந்த டீக்கடையின் விளக்கு நினைவு வருகிறது. தூத்துக்குடி சாலையில், வல்லநாட்டுக்கு முன்னால், ஒரே ஒரு குண்டு பல்பு. ஐந்தரை மணி இருக்கும். ஏழரைக்குத் தூத்துக்குடியில் மேட்ச், அரையிறுதி. வேன் மிக்கேலின் மாமனுடையது, டிரைவர் வரவில்லை. மிக்கேலிடம் லைசென்ஸ் இருந்தது, அவனே எடுத்துவிட்டான். முந்தின நாள் முழுக்க மில்லில் இரட்டை ஷிஃப்ட் பார்த்திருந்தான். பின்னால் பத்துப் பேர், மட்டைகள் மீதும் பைகள் மீதும் சாய்ந்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் டீக்கு இறங்கவில்லை. நானும் அவனும் மட்டும். அவன் டீயை முகத்துக்கு நேரே பிடித்து ஆவியைக் கண்ணில் வாங்கிக்கொண்டான். பிறகு சாவியை என் கையில் வைத்தான். "ஏல வேலு, கண்ணு சொக்குதுல. செத்த நேரம் நீ பிடி." செத்த நேரம். எங்கள் ஊரில் கொஞ்ச நேரத்துக்கு அப்படித்தான் சொல்வோம். எல்லாரும் சொல்வார்கள், பஸ்ஸில், கடையில், செத்த நேரம் இருங்க, செத்த நேரம் தள்ளி நில்லுங்க. சென்னையில் யாரும் சொல்வதில்லை. அதற்காகவே சென்னை எனக்குப் பிடித்துப்போனது. என்னிடம் லைசென்ஸ் இல்லை, ஆனால் ஓட்டத் தெரியும், அது அவனுக்கும் தெரியும். ஸ்டியரிங்கில் சுற்றியிருந்த பச்சை நைலான் கயிறு உள்ளங்கையில் ஈரமாக இருந்தது, அவனுடைய வேர்வை. சாலை காலி. கிழக்கே வானம் சாம்பல் நிறத்தில் கரைந்துகொண்டிருந்தது. விளக்கை அணைத்துவிடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வெளிச்சம். அவன் தூங்கவில்லை, என்னவோ பேசிக்கொண்டு வந்தான். ஏழு நிமிடம் இருக்கலாம், எட்டு இருக்கலாம். இடது பக்கம் முள்காட்டிலிருந்து அது வந்தது. ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தது. சாலையின் நடுவில் நின்றது. கொம்பு இவ்வளவு உயரம். எங்களைப் பார்க்கவேயில்லை. தலையைத் திருப்பி, வந்த வழியைப் பார்த்தது. அங்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு வரை தெரியாது. ஒரு குட்டி இருந்திருக்கலாம், ஒரு நாய் இருந்திருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். திரும்பிப் பார்க்காமல் நடந்திருந்தால் அது சாலையைக் கடந்திருக்கும். நான் ஸ்டியரிங்கை ஒடித்தேன். வலது பக்கம், புளியமரம். மானின் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. வேன் சாயும்போது அது பாய்ந்தது, அந்தப் பாய்ச்சலைப் பார்த்தேன், பார்த்தேன் என்று சத்தியம் செய்வேன், எல்லாம் சாய்ந்துகொண்டிருக்கும்போது அது மட்டும் நேராக.

உரிமையாளர் தனுஷ்கோடி பேசத் தொடங்கிவிட்டார். அடுத்தது பயிற்சியாளர், அதற்கடுத்தது நான். நாற்காலியின் கைப்பிடி ஈரமாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்புக் கம்பி இப்படித்தான் ஈரமாக இருந்தது. என் முழங்கால் சிதைந்திருந்தது. பின்னால் தூங்கிக்கொண்டு வந்த கிளமென்டுக்கு வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மிக்கேல் ஆஸ்பத்திரிக்கே வரவில்லை, நேராகப் பிணவறை. இன்ஸ்பெக்டர் வயதான மனிதர், களைத்தவர், தொப்பியை என் கால்மாட்டில் வைத்துவிட்டு எழுதினார். முன் சீட்டில் இருந்த இரண்டு பேரும் கண்ணாடியோடு வெளியே போய் விழுந்திருந்தோம். யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்று பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாது. கடைசியாக அவர்கள் பார்த்தபோது மிக்கேல்தான் ஓட்டினான். "ஓட்டுனது மிக்கேல்ராஜ் தானே?" என்று கேட்டார். கேட்கவில்லை, எழுதிக்கொண்டே சொன்னார். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால்கூட எழுதியிருப்பார். ஆனால் நான் சொன்னேன். ஆமா. ஒரே சொல். அந்த வாரம்தான் துறைமுக அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு வேலை வந்திருந்தது, நன்னடத்தை பற்றிய போலீஸ் விசாரணை முடிந்தால் சேரலாம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி ஒருவனைக் கொன்றவனுக்கு எந்த அலுவலகம் நாற்காலி போடும்? அதை அப்போது யோசித்தேனா? யோசிக்க நேரமில்லை. யோசிக்காமல்தான் சொன்னேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். பிறகு ஒருநாள் பல் தேய்க்கும்போது, இல்லை, யோசித்துத்தான் சொன்னாய் என்று தெரிந்தது. "தூங்கிட்டானா?" என்றார். மான் குறுக்கே வந்தது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், நீ முழித்திருந்தாயா, நீ பார்த்தாயா, எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் என்று கேட்பார். அதனால் மானை விழுங்கிவிட்டேன். மானே வரவில்லை. மிக்கேல் தூங்கிவிட்டான். "செத்தவன் மேல கேஸ் நிக்காது, விடு" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு காலம் தொங்கினேன். செத்தவனுக்கு என்ன தண்டனை, செத்தவனுக்கு என்ன கெட்ட பெயர். வேலையில் பதினோரு மாதம் இருந்தேன். ஒவ்வொரு நாளும் ஆபீஸ் ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்வார்கள். விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் சோப்பு டப்பாவுக்கும் ஊறுகாய்க்கும் படம் போட ஆரம்பித்தேன். அந்த வேலைக்காகச் சொன்ன ஆமா, அந்த வேலையும் இல்லாமல் அப்படியே மிச்சம் நின்றது.

இரண்டாவது பொய் ஒன்றும் இருக்கிறது. அதை நான் நினைப்பதில்லை. நினைக்காமல் சுற்றிப் போகத் தெரியும், சாலையில் பள்ளம் இருக்கும் இடம் தெரிந்தவன் மாதிரி. ஆனால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளுடைய கை என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, சமையல் கை, சூடு பட்ட தழும்புகள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் இதே கையால் தூக்குவாளியில் எனக்கு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். குழந்தையையும் கூட்டி வந்திருந்தாள். எனக்கு அம்மா இல்லை என்று அவளுக்குத் தெரியும். கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அவிய தூங்கிட்டாவளா தம்பி?" அதில் கோபமே இல்லை. இல்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று வாசல் வாசலாகப் போய்க் கேட்கிற குரல். நான் கஞ்சியைக் குடித்தேன். தலையை அசைத்தேனா, அசைக்கவில்லையா? கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கஞ்சியில் உப்பு சரியாக இருந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்" என்கிறாள் இப்போது, மேடையைப் பார்த்தபடியே, கையை வாய்க்கு மறைத்து. "அது ஏன் திரும்பிப் பாக்குது? அமலி எங்கிட்ட நேத்துக் கேட்டா. நான் சொன்னேன், வேலு தம்பிகிட்டயே கேப்போம்னு." சட்டைப்பைத் தாளைத் தொட்டுக்கொள்கிறேன். "சும்மாதான் மதினி. அழகா இருக்கும்னு." "எனக்கு என்னமோ பாவமா இருக்கு அதப் பாத்தா" என்று சிரிக்கிறாள். பிறகு தானாகவே பேசுகிறாள், விழா வீடுகளில் பெண்கள் பேசுகிற மெல்லிய குரலில், கை தட்ட வேண்டிய இடத்தில் தட்டிக்கொண்டே. "இந்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு. எந்த ஊருக்கு மேட்சுக்குப் போனாலும் வண்டியில பின்னால உக்கார மாட்டா. டிரைவருக்குப் பக்கத்துல போய் உக்காந்துக்கிடுவா. விடிய விடிய பேசிக்கிட்டே வருவாளாம். அண்ணாச்சி முழிச்சிருக்கியளா, அண்ணாச்சி முழிச்சிருக்கியளான்னு. கூட உள்ளதுக எல்லாம் தூங்கும், இவ தூங்க மாட்டா. மறுநாள் கண்ணு செவந்து கோல்ல நிப்பா. ஏட்டி, தூங்குட்டின்னா, நான் தூங்குனா யாரு பாப்பான்னு கேக்கா. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல மத்தப் பிள்ளைக சொல்லிருக்கும்லா, உங்கப்பன் தூங்கிதான் எல்லாரையும் கவுத்தான்னு. அது அப்பிடியே உள்ள போயிட்டு." பயிற்சியாளர் பேசி முடிக்கிறார், தட்டுகிறாள், நானும் தட்டுகிறேன். "கிளமென்ட் அம்மா போன வருசந்தான் செத்தாவ. வருசா வருசம் அவிய நினைவு நாள்ல பூச வச்சுட்டு, நேரா அங்க போயிருவேன். கதவத் தொறக்க மாட்டாவ. நான் வாசல்ல நின்னு, எங்க வீட்டுக்காரவுக செஞ்சதுக்கு மன்னிச்சிக்கிடுங்கம்மான்னு சொல்லிட்டு வந்துருவேன். கடேசி வரைக்கும் தொறக்கல. பாவம், மகனுக்குக் கால் போச்சே. யாரா இருந்தாலும் அப்பிடித்தான் இருக்கும்." இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதைப் போலச் சொல்கிறாள். பதிமூன்று வருடம், பதிமூன்று தடவை. செத்தவனுக்கு என்ன தண்டனை என்று நான் ஊறுகாய்க்கு மாங்காய் வரைந்துகொண்டிருந்தபோது, அவள் மூடின கதவுக்கு முன்னால் நின்று என்னுடைய மன்னிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போய்விடலாம். இடது பக்கம் கதவு இருக்கிறது. கழிப்பறைக்குப் போகிறவன் மாதிரி எழுந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். ரயில் மாலையில்தான், பஸ் இருக்கும். அல்லது தாளை எடுத்து வாசித்துவிட்டு வரலாம், மூச்சு விடும் இடங்களில் மூச்சு விட்டு. இவர்கள் எனக்கு ஆறு மிருகங்களின் பட்டியல் கொடுத்தார்கள், சிங்கம், புலி, கழுகு, காளை, யானை, நாகம், இதில் ஒன்றை வரையுங்கள் என்று. நான் ஐந்தை வரைந்தேன். ஐந்தும் வேறு யாருடைய சின்னம் போலவோ இருந்தன. ஆறாவது தாளில் கை தானாகப் போனது. முதலில் கொம்பு, பிறகு கழுத்தின் திருப்பம். திருப்பம் வந்ததும் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போனேன். பதினாலு வருடமாக அதை நான் வரைந்ததில்லை, ஒரு ரசீதின் பின்பக்கத்தில்கூட. தனுஷ்கோடி அதைத்தான் தேர்ந்தெடுத்தார். "வல்லநாட்டு மான், நம்ம ஜில்லா அடையாளம், பிரமாதம்" என்றார். எதற்காக அதையும் சேர்த்து அனுப்பினேன்? ஐந்தோடு நிறுத்தியிருக்கலாம். மானின் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்திருந்தேன், விளக்கு வெளிச்சம் பட்ட மாதிரி. அச்சகத்தில் அது பிழை என்று அழித்துவிட்டார்கள். போன் செய்து சண்டை போட்டு மறுபடி வைக்கச் சொன்னேன். வாழ்க்கையில் நான் சண்டை போட்டதே அந்த ஒரு தடவைதான், ஒரு புள்ளிக்காக. யாராவது கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தேனோ? ஊருக்கு நடுவில் அதைத் தொங்கவிட்டால், யாராவது ஒருவர் வந்து, ஏல, இது அந்த மான்தானே என்று கேட்டுவிட வேண்டும் என்று? யார் கேட்பார்கள்? அதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். டீக்கடைக்காரர் சாவி கைமாறியதைப் பார்த்திருப்பார், பல வருடம் என் கனவில் வந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. இவள் ஒருத்திதான் கேட்டாள், கஞ்சி வாளியோடு. இப்போதும் இவள்தான் கேட்டாள். சும்மாதான் மதினி. அழகா இருக்கும்னு. இது மூன்றாவது.

"நம்ம லோகோவை உருவாக்கிய ஓவியர், இதே மண்ணின் மைந்தர், திரு. சித்திரைவேல் அவர்களை அன்போடு அழைக்கிறோம்." கை தட்டுகிறார்கள். "போங்க தம்பி" என்று சகாயராணி என் முழங்கையைத் தொடுகிறாள், பெருமையோடு, சொந்தத் தம்பியை அனுப்புகிற மாதிரி. நாலு படி. முழங்கால் வலிக்கிறது. மைக் என் உயரத்துக்கு இல்லை, யாரோ வந்து இறக்குகிறார்கள், அது கிறீச்சிடுகிறது. தாளை எடுத்தேன். விரித்தேன். திரும்பிப் பார்க்கும் இந்த வெளிமான். எழுத்து தெரிகிறது, கோடு தெரிகிறது. இடப்பக்கம் பெண்கள் வரிசை, கடைசியில் அந்த உயரமான பெண். அவள் கண்கள் சிவந்திருக்கின்றன. நேற்று எங்கிருந்தோ வண்டியில் வந்திருப்பார்கள். தாளை மடித்தேன். "இது நான் பார்த்த மான்" என்றேன். ஒலிபெருக்கியில் என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல வந்தது. "பதினாலு வருசத்துக்கு முன்னால, வல்லநாட்டுக்கிட்ட, விடியக்காலம். ஹாக்கி மேட்சுக்குப் போயிக்கிட்டிருந்தோம். ரோட்டுக்கு நடுவில வந்து நின்னுச்சு. நின்னு, வந்த வழியத் திரும்பிப் பாத்துச்சு. ஏன்னு தெரியாது. அதுக்குப் பொருள்னு ஒண்ணும் கிடையாது. அது நின்னுது, அவ்வளவுதான்." யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள், வாங்கவில்லை. "வண்டிய மிக்கேல் ஓட்டல. அவனுக்குத் தூக்கம் வந்துச்சு, அதனால சாவிய எங்கிட்டக் குடுத்தான். நான்தான் ஓட்டுனேன். நான் முழிச்சுதான் இருந்தேன்." மிக்கேல் யார் என்று அந்த அம்மாவையும் மகளையும் தவிர அங்கே யாருக்கும் தெரியவில்லை. பிறகு தனுஷ்கோடி தட்ட ஆரம்பித்தார், எல்லாரும் தட்டினார்கள். தொகுப்பாளினி மைக்கை வாங்கி, "வாவ், நேரில் பார்த்த அனுபவத்திலிருந்து ஒரு கலைஞன் எப்படி உருவாக்குகிறான் பாருங்க" என்றாள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோவுக்கு இந்தப் பக்கம் பாருங்க சார் என்றார்கள். பார்த்தேன்.

கீழே இறங்கி வந்தபோது சகாயராணி அதே நாற்காலியின் முனையில் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில். கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்று நினைத்தேன், இரண்டுக்கும் தயாராக நின்றேன். தயாராக நிற்பது எனக்கு எப்போதும் சுலபம். அவள் என்னைப் பார்க்கவில்லை. "அவிய தூங்கல" என்றாள். கேள்வி இல்லை அது. "இல்ல மதினி." "தூக்கம் வருதுன்னு தெரிஞ்சு உங்ககிட்ட குடுத்துருக்காவ." "ஆமா மதினி." இன்ஸ்பெக்டரிடம் சொன்ன அதே சொல். மேடையில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு சொன்னாள், மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் தரையில் வைப்பது போல. "நான் அவியள ஏசிருக்கேன் தம்பி. ராத்திரில தனியாக் கிடந்து. எங்கள இப்பிடி விட்டுட்டுப் போனியளே, ஒரு கண்ணு முழிச்சிருக்கக் கூடாதான்னு. எத்தன தடவ." மன்னியுங்கள் என்பது வாய்க்குள்ளேயே அசிங்கமாக இருந்தது. அவள் எழுந்தாள். "இத அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். பாதிதான் அவளுக்கு வெளங்கிருக்கும். நீங்க முழுசாச் சொல்லுங்க. அப்புறம் கிளமென்ட் வீட்டுக்குப் போயிச் சொல்லுங்க. அப்புறம் எங்க போயிச் சொல்லணுமோ அங்க போயிச் சொல்லுங்க." தம்பி என்று சேர்க்கவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, கடைசி வரிசையையும் தாண்டி, வெளியே போய்விட்டாள்.

அமலி தானாகவே வந்தாள். ஜெர்ஸிக்கு மேல் மாலை போட்டிருந்தார்கள், அதைக் கழற்றிக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். இவ்வளவு பக்கத்தில் பார்க்கும்போது அவள் மிக்கேல் மாதிரி இல்லை. தாடை அவன், கண்கள் அம்மா. கூடத்துக்கு வெளியே, சாப்பாட்டுக்கு மேசை போட்டுக்கொண்டிருந்த வராந்தாவின் மூலைக்குப் போனோம். தட்டுகளைப் பரப்புகிற சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடை, சாவி, மான், இன்ஸ்பெக்டர், அவளுடைய அம்மா கொண்டுவந்த கஞ்சி. நான் கண்ணை மூடிக்கொண்டது வரைக்கும். எதையும் விடவில்லை. பதினாலு வருடமாக மனப்பாடம் செய்தது, தங்குதடையில்லாமல் வந்தது, அப்படி வந்ததற்கே வெட்கமாக இருந்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கோல்கீப்பர்கள் அப்படித்தான், பந்து எங்கே வருகிறது என்று தெரிகிற வரைக்கும் அசைய மாட்டார்கள். நான் முடித்ததும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், எப்படி முடிந்தது உங்களால் என்று கேட்பாள், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன், நல்ல பதில் இல்லை, ஆனால் பதில். அவள் கேட்டது வேறு.

"நீங்க ஓட்டும்போது அப்பா முழிச்சிருந்தாரா?"

"முழிச்சிருந்தான். பேசிக்கிட்டுதான் வந்தான்."

"என்ன பேசுனாரு?"

நான் வாயைத் திறந்தேன். பச்சைக் கயிறு நினைவிருக்கிறது. அதன் ஈரம் நினைவிருக்கிறது. வானத்தின் நிறம், முள்காடு, கொம்பின் முறுக்கு எத்தனை, கண்ணில் பட்ட வெளிச்சம், இன்ஸ்பெக்டரின் தொப்பியில் இருந்த எண்ணெய்க் கறை, என் ஒரே சொல், அதை நான் சொன்ன தொனி, எல்லாம் இருக்கிறது. அவன் பேசிக்கொண்டு வந்தான். ஏழு நிமிடம், எட்டு நிமிடம், என் இடது காதுக்குப் பக்கத்தில். ஒருமுறை சிரித்தான். எதற்குச் சிரித்தான்? மேட்சைப் பற்றியா, மில்லைப் பற்றியா, வீட்டைப் பற்றியா, இந்தப் பிள்ளையைப் பற்றியா? தோண்டினேன். இத்தனை வருடமும் தினம் தினம் போய் நின்ற அதே சாலையில், அதே சீட்டில், அவன் பக்கம் ஒரு தடவையாவது திரும்பிக் காது கொடுத்தேனா என்று தேடினேன். அவன் உதடு அசைகிறது. சத்தமில்லை.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் அமலி. "அவசரம் இல்ல. நான் நிக்கேன்."